ரெண்டு இட்லி போதும், ரெண்டும் வேணும்

பாப்பா,

திருப்போரூருக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவில் ஒரு மணி நேர பஸ் தூரம்தான். ஞாயிற்றுக்கிழமையானால் நீ ஹாஸ்டலிலிருந்து கிளம்பி வீட்டுக்கு வந்துவிடுகிறாய். தினமும் சாயங்காலம் போனும் பண்ணுகிறாய். அப்புறம் இந்த அப்பாவுக்கு என்ன கடிதம் எழுத வந்தது என்று உனக்குச் சிரிப்பு வரலாம். நேரில் சொல்லத்தான் பார்த்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் உன் கல்யாணப் பத்திரிகை, பந்தல்காரர், சமையல்காரர் என்று வேறு பேச்சுதான் வருகிறது. அதனால் காலையில் பஸ்ஸிலிருந்து கம்பெனி ஆட்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் மறுபடியும் ஏற்றுகிற வரைக்கும் டிரைவர்கள் உட்காருகிற அறையில் நாலு நாளாக இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பழைய டிரிப் ஷீட்டுகளின் பின்பக்கம்தான் காகிதம். பஸ் குலுங்கி என் கையெழுத்து இப்படி ஆகிவிட்டது என்று நீ சின்ன வயதில் சொல்வாய். கொஞ்சம் பொறுத்துப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை சன்னதித் தெரு தையல்காரம்மா முகூர்த்த ஜாக்கெட்டைக் கொண்டுவந்தார்கள். நீ போட்டுப் பார்த்தாய். "இன்னா பாப்பா இது, போன தடவ பிடிச்சுத் தச்சதே ரெண்டு விரல் தொளதொளன்னு கீது. இன்னும் எளைச்சுகினே போற" என்று அவர்கள் சொன்னபோது உன் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கினவள் மாதிரி. அம்மா சாப்பிடக் கூப்பிட்டாள். ஹாஸ்டலிலேயே சாப்பிட்டுவிட்டேன் என்றாய். அரை மணி நேரம் கழித்துத் தரையிலிருந்து எழுந்தவள், சுவரில் ஒரு கையை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றாய். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்திருப்பாய். நான் பார்த்தேன். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டேன். அந்தக் கையை எனக்கு நன்றாகத் தெரியும் பாப்பா. எட்டு வருஷத்துக்கு முன்னால் அதே சுவரில் நானும் அப்படித்தான் கை வைத்து நின்றுகொண்டிருந்தேன்.

நான் எப்படி இருந்தவன் என்பது உனக்குப் பாதிதான் ஞாபகம் இருக்கும். ஒரு நாளைக்கு ஒன்பது டீ, ஒவ்வொன்றிலும் மூணு ஸ்பூன் சர்க்கரை. கேளம்பாக்கத்தில் வண்டி நின்றால் பஜ்ஜி. சாயங்கால டிரிப் முடிந்தால் கூட இருக்கும் டிரைவர்களோடு பரோட்டா, சால்னா. வீட்டுக்கு வந்து அம்மா மனசு நோகக் கூடாது என்று மறுபடியும் சோறு. சுகர் இருக்கிறது என்று தெரிந்தபோது, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்த டாக்டரம்மா ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னார்கள். அரை மணி நேரம் நடங்க. சாப்பாட்டைக் குறைச்சுக்குங்க. மாத்திரையைச் சாப்பாட்டோடு போடுங்க, வெறும் வயித்துல போட்டா சர்க்கரை ரொம்ப எறங்கிடும். எல்லாத்தையும் அளவா வெச்சுக்குங்க. நான் கேட்டேன், "அளவுன்னா எவ்ளோ டாக்டர்?" அவர்கள் சிரித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் சாப்பிடலாம்னு தோணும்போதே எழுந்துக்குங்க" என்றார்கள். எனக்கு அது ஒரு பதிலாகவே படவில்லை. எத்தனை இட்லி, எத்தனை கிலோமீட்டர் என்று சொன்னால் செய்யத் தெரியும். கொஞ்சம் என்றால் என்ன என்று எனக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. ஒன்று முழுசாக, இல்லாவிட்டால் சுத்தமாக இல்லை. அதுதான் எனக்குத் தெரிந்த கணக்கு.

அரை மணி நேரம் சொன்னார்கள், நான் ரெண்டு மணி நேரம் நடந்தேன். சோற்றைக் குறைக்கச் சொன்னார்கள், நான் நிறுத்தினேன். காலையில் வெந்தயத் தண்ணீர், மத்தியானம் கொள்ளுக் கஞ்சி, ராத்திரி ஒன்றுமில்லை. டீயை ஒரே நாளில் விட்டேன். மூணு மாதத்தில் பேன்ட்டுக்குக் கயிறு கட்டுகிற நிலைமை. எல்லோரும் புகழ்ந்தார்கள். "அண்ணாத்த, இன்னா இப்டி ஆயிட்ட, காலேஜ் பையன் கணக்கா கீற" என்று டீக்கடை மாஸ்டர் சொன்னபோது எனக்குள் ஏறின பெருமை இருக்கிறதே, அது சர்க்கரையைவிட மோசமான சாமான். அதற்கு அப்புறம் நான் உடம்புக்காகச் செய்யவில்லை. அந்தப் பேச்சுக்காகச் செய்தேன். நான் மட்டும் செய்திருந்தால்கூடப் பரவாயில்லை. சாப்பிடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு இளக்காரம் வந்தது. உங்கம்மா ஊறுகாய் தொட்டுக்கொண்டால் முறைத்தேன். வெல்ல டப்பாவைத் தூக்கி எதிர் வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். உன் பதினேழாவது பிறந்தநாளுக்கு நீ ஒரு சின்ன கேக் கேட்டாய். இந்த வீட்டில் அந்த விஷம் வரக் கூடாது என்று நான் சொன்னேன். நீ சரிப்பா என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனாய். உங்கம்மா அன்றைக்கு முழுக்க என்னோடு பேசவில்லை. கட்டுப்பாடு என்று நான் பெயர் வைத்திருந்தேன். வீட்டில் இருந்த ரெண்டு பேருக்கும் அது வேறு மாதிரி இருந்திருக்கிறது.

அப்புறம் அந்தத் தேர்வு நாள். நீளம் தாண்டுதலில் மாவட்ட அணிக்கு ஆள் எடுக்கிறார்கள், செங்கல்பட்டு மைதானத்தில் காலை ஒன்பது மணிக்கு. அதில் தேறினால் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் காலேஜ் சீட்டு கிடைக்கும் என்று உன் பி.டி. டீச்சர் சொல்லியிருந்தார்கள். ரெண்டு வருஷம் நீ அதற்காகக் கஷ்டப்பட்டிருந்தாய். பஸ்ஸில் போனால் நேரமாகும், நானே பைக்கில் கொண்டுபோய் விடுகிறேன் என்று லீவு போட்டேன். அம்மா இட்லி எடுத்துவைத்தாள். நீ சாப்பிட்டாய். நான் விடியற்காலையிலேயே ரெண்டு மணி நேரம் நடந்து முடித்திருந்தேன். மாத்திரையையும் போட்டாகிவிட்டது. தட்டைத் தள்ளிவைத்துவிட்டு வண்டியை எடுத்தேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. ஏரிக்கரை வளைவுக்கு முன்னாலேயே உள்ளங்கை வேர்த்து ஹேண்டில்பார் வழுக்க ஆரம்பித்தது. ரோட்டின் நடுவில் இருக்கிற வெள்ளைக் கோடு ரெண்டாகத் தெரிந்தது. நீ பின்னாலிருந்து, "ப்பா, ஏன் வண்டி இப்டி ஆடுது? ஓரமா நிறுத்துப்பா" என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு ஓட்டத் தெரியும், சும்மா இரு" என்றேன். இருபது வருஷமாக பஸ் ஓட்டுகிறவன் என்ற திமிர். அடுத்த நிமிஷம் ரெண்டு பேரும் செம்மண்ணில் கிடந்தோம்.

அதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் எனக்குத் துண்டு துண்டாகத்தான் ஞாபகம். நீ எழுந்து என்னிடம் வந்தாய். உன் இடது கை மணிக்கட்டுக்கு மேலே கோணலாக இருந்தது. அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பல்லால் குளுக்கோஸ் பாக்கெட்டைக் கிழித்தாய். தாண்டுவதற்கு முன்னால் நீ சாப்பிடுவதற்காக வைத்திருந்தது அது. எனக்குப் பாதி நினைவுதான், அப்போதும் நான் சொல்கிறேன், "சக்கர வேணாம்." நீ அழவில்லை, கத்தவில்லை. "வாயைத் தொறப்பா" என்றாய், அவ்வளவுதான். நான் திறந்தேன். என் வாயில் பாதியும் சட்டையில் பாதியுமாக நீ அதைக் கொட்டினாய். கொஞ்ச நேரத்தில் மரம் மரமாகத் தெரிந்தது, ரோடு ரோடாகத் தெரிந்தது. அந்தப் பக்கமாகக் காய்கறி ஏற்றிப்போன லோடு ஆட்டோக்காரர் ஒருத்தர் நம்மை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். உனக்கு மாவுக்கட்டு போடும்போது மணி ஒன்பதரை. கொஞ்ச தூரத்தில் மைதானத்தில் மற்றப் பிள்ளைகள் தாண்டிக்கொண்டிருந்தார்கள். நீ கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தாய். அதற்கு அப்புறம் பார்க்கவில்லை.

அம்மா பஸ் பிடித்து ஓடிவந்து, "இன்னா ஆச்சு, எப்டி விழுந்தீங்க?" என்று கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் நீ சொன்னாய், "நாய் குறுக்கால வந்துடுச்சும்மா." நான் உன்னைப் பார்த்தேன். நீ என்னைப் பார்க்கவில்லை. நானும் ஆமாம் என்று தலையை ஆட்டிவிட்டேன். பதினேழு வயதுப் பெண், கை உடைந்து, ரெண்டு வருஷ உழைப்பு போய், அந்த நேரத்திலும் அப்பாவின் மானத்தைக் காப்பாற்ற ஒரு பொய் சொல்கிறாள். அந்த அப்பா அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்கிறான். இதை நினைத்தால் இன்றைக்கும் என் காது சூடாகிறது.

அன்றைக்குச் சாயங்காலம் நடந்த ஒன்றை உனக்கு நான் சொன்னதில்லை. அதே டாக்டரம்மாதான் என்னைப் பார்க்க வந்தார்கள். ரிப்போர்ட்டைப் பார்த்தார்கள், திட்டுவார்கள் என்று நினைத்தேன். "நீங்க பஸ் டிரைவர்தானே? வண்டியில எத்தன பேர் வருவாங்க?" என்று கேட்டார்கள். நாற்பது பேர் என்றேன். அவர்கள் மாத்திரைச் சீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். அந்த நாற்பது பேரும் கம்பெனி வேலைக்கு வருகிற சின்னச் சின்னப் பிள்ளைகள் பாப்பா, காதில் பாட்டை மாட்டிக்கொண்டு பஸ்ஸிலேயே தூங்கிக்கொண்டு வருகிற பிள்ளைகள். மறுநாளே என் சூப்பர்வைசரிடம் போய் நாய்க் கதையைச் சொல்லாமல் நடந்ததை நடந்தபடி சொன்னேன். உடம்பு சரியாகி டாக்டர் எழுதிக் கொடுக்கிற வரைக்கும் வண்டியைத் தொட மாட்டேன் என்றேன். வேலை போய்விடும் என்று பயந்தேன். அவர் ஷெட்டில் டோக்கன் கொடுக்கிற வேலையில் ஒன்றரை மாதம் உட்கார வைத்தார். அந்த மனுஷனுக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும். அவரிடம் உண்மையைச் சொன்னதுதான் அந்த விஷயத்தில் நான் செய்த ஒரே நல்ல காரியம்.

அந்த ஒன்றரை மாதம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல நாட்கள் என்று சொன்னால் நம்புவாயா? அம்மா காலையிலேயே அங்கன்வாடிக்குப் போய்விடுவாள். ஒரு கையால் நீ தலை பின்னிக்கொள்ள முடியாது. ஸ்டியரிங் பிடித்துக் காய்த்த கையால் நான் உனக்குச் சடை போடக் கற்றுக்கொண்டேன். முதல் வாரம் பள்ளிக்கூடம் போய்ச் சேர்வதற்குள் அது அவிழ்ந்துவிடும். நீ அப்போது ஒரு கண்டிஷன் போட்டாய். "நீ சாப்ட்டாதான் நான் தலைய காட்டுவேன்." தட்டில் ரெண்டு இட்லி வைப்பாய். நான் ஒன்று போதும் என்பேன். "ரெண்டு இட்லி போதும், ஆனா ரெண்டும் வேணும்" என்பாய். ரெண்டு முடிந்து, இவ்வளவு நாள் பட்டினி கிடந்த வயிறு இன்னும் ரெண்டு கேட்டு நான் பாத்திரத்தைப் பார்த்தால், மூடியைப் போட்டுவிட்டுச் சீப்பை என் கையில் கொடுப்பாய். டாக்டரம்மா சொன்ன அளவு எனக்கு அங்கேதான் புரிய ஆரம்பித்தது. படித்துப் புரிந்துகொள்கிற விஷயமில்லை அது. தினமும் காலையில் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கிவிட வேண்டியது.

கட்டு பிரித்த வாரம் நாம் மூணு பேரும் கோவளம் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? படகுகள் ஏறிக் கிடந்த மணலில், பொரித்த வஞ்சிரத் துண்டு ஒரு தட்டு வாங்கினாய். நான் எனக்கு வேண்டாம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "ஒரு துண்டு சாப்டுப்பா" என்றாய். ஒன்று தின்றால் நாலு தின்றுவிடுவேன் என்று எனக்குப் பயம். அதை அப்படியே உன்னிடம் சொன்னேன். முதல் தடவையாக என் பயத்தை வீட்டில் ஒருத்தரிடம் வாய்விட்டுச் சொன்னது அன்றைக்குத்தான். நீ யோசித்துவிட்டு, "சரி, ஒன்னு சாப்டு. அப்புறம் நானும் நீயும் தண்ணிவரைக்கும் நடந்துட்டு வரலாம். வந்தப்புறமும் வேணும்னா கேளு" என்றாய். சாப்பிட்டேன். நடந்தோம். திரும்பி வரும்போது அம்மா மீதியை முடித்திருந்தாள். எனக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது, ஆனால் பெரிய ஏமாற்றமாக இல்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. ஒரு ஆசையை முழுக்கத் தீர்க்காமலும் முழுக்கக் கொல்லாமலும் அதோடு ஒரு நூறு அடி நடக்க முடியும் என்று எனக்கு ஐம்பதை நெருங்குகிற வயதில்தான் தெரிந்தது.

எல்லாம் அப்படியே சரியாகிவிடவில்லை. உன் சித்தப்பா வீட்டுக் கல்யாணத்தில் நான் நாலு லட்டு சாப்பிட்டேன். மறுநாள் குற்ற உணர்ச்சி தாங்காமல் காலையில் ஒன்றும் வேண்டாம் என்று படுத்துக்கொண்டேன். நீ வந்து நின்று சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "நேத்து லட்டுக்கு இன்னிக்குப் பழி வாங்காத. எழுந்து எப்பவும் போல ரெண்டு இட்லி சாப்டு." இத்தனை வருஷத்தில் எனக்கு உபயோகப்பட்ட பேச்சு இதுதான் பாப்பா. தப்பு செய்த மறுநாள் சாதாரணமாக இருப்பதுதான் கஷ்டம். பட்டினி கிடப்பதும் சுலபம், மறுபடியும் நாலு லட்டு தின்பதும் சுலபம். நான் இன்றைக்கு உயிரோடு இருந்து, கண் நன்றாகத் தெரிந்து, கால் மரத்துப்போகாமல், உன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வீடு வீடாக நடக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் நீ. இதற்கு நான் ஒரு நாள்கூட உனக்கு நன்றி சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ ஹாஸ்டலுக்குக் கிளம்பினதும் உங்கம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். வெறும் வயிறு, மாத்திரை, வண்டி ஆடியது, நாய் வரவே இல்லை என்பது வரைக்கும். அவள் கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள். "நாய் வந்திருந்தா நீ எட்டு வருசமா அந்த நாயத் திட்டிகினு இருந்திருப்ப. ஒரு நாளும் திட்டல. அப்பவே தெரியும் எனக்கு" என்றாள். பின்னே ஏன் கேட்கவில்லை என்றேன். "நீயா சொல்லுவேன்னு பாத்துகினு இருந்தேன்" என்றாள். கீரைக் காம்புகளை ஒதுக்கிவிட்டு, "அவளும் இப்ப சரியா சாப்புடறதில்ல. மூஞ்சே சின்னதா கீது. உன் பொண்ணு உன்ன மாதிரிதான் இருப்பா" என்றாள். அந்த வார்த்தைதான் என்னை எழுத வைத்தது. எனக்கு அளவு கற்றுக்கொடுத்தவள் நீ. ஆனால் அதற்கு முன்னால், ஒரு மனுஷன் தன்னை வதைத்துக்கொள்வதை வீரம் மாதிரி பார்க்கக் கற்றுக்கொடுத்தவன் நான். எது உனக்குள் ஆழமாகப் போயிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. காலை நாலரைக்கு எழுந்து ஓடுகிறாய், ராத்திரிச் சாப்பாடு இல்லை, போனில் ஒவ்வொரு கவளத்தையும் கணக்கெழுதுகிறாய் என்று உன் ரூம் தோழி உங்கம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவளைக் கோபித்துக்கொள்ளாதே. நீ லேபில் நாள் முழுக்க மற்றவர்கள் ரத்தத்தைப் பரிசோதிக்கிறாய். உன்னுடையதை ஒரு தடவை பார்.

ஓடாதே என்று சொல்லவில்லை. நீ ஓடுவது எனக்குப் பிடிக்கும். ஓடிவிட்டு வந்து சாப்பிடு. செவ்வாய்க்கிழமை நான் தையல்காரம்மா கடைக்குப் போய் ஜாக்கெட்டில் பிடித்துத் தைத்த உள்தையலை ஒரு விரல் பிரித்துவிடச் சொன்னேன். "பாப்பா கேட்டுச்சா?" என்றார்கள். இல்லை, நான்தான் கேட்கிறேன் என்றேன். ஒரு மாதிரி பார்த்தார்கள், ஆனால் பிரித்துவிட்டார்கள். கல்பாக்கத்தில் நீ வாழப்போகிற வீட்டில் மாப்பிள்ளைத் தம்பி நல்ல பையனாகத் தெரிகிறார். உன்னை எந்த அளவில் பார்த்துச் சம்மதம் சொன்னாரோ அந்த அளவிலேயே நீ போய் நின்றால் போதும்.

இன்னும் ஒன்று இருக்கிறது, அதைச் சொல்லத்தான் இத்தனை காகிதம். சாப்பாட்டில் மட்டும் நீ உன்னை இறுக்கிப் பிடித்துக்கொள்ளவில்லை பாப்பா. அந்தத் தேர்வு என்னால் போனது. ஸ்போர்ட்ஸ் கோட்டா என்னால் போனது. அதற்கு அப்புறம் நீ ஒரு நாளும் தாண்டவில்லை. உன் ஸ்பைக் ஷூவை எடுத்துப் பக்கத்துத் தெருப் பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாய். இந்த எட்டு வருஷத்தில் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசினதில்லை. நல்ல பிள்ளை, பொறுமைசாலி என்று ஊரெல்லாம் சொல்கிறது, நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இவ்வளவு கோபத்தை ஒரு ஆள் இவ்வளவு நாள் உள்ளேயே வைத்திருக்கக் கூடாது. அதுவும் பட்டினிதான். இந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவை அவள் அக்கா வீட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். நீ வா. நான் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன். நீ என்னைத் திட்ட வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாவிட்டால், எனக்கு ஓட்டத் தெரியும் என்று நான் சொன்ன இடத்திலிருந்து ஆரம்பி. நான் எதிர்த்துப் பேச மாட்டேன், நடுவில் எழுந்து போக மாட்டேன். எவ்வளவு நேரமானாலும் சரி, அதற்கு மட்டும் நீ அளவு பார்க்க வேண்டாம்.

உனக்காகக் கதவைத் திறந்துவைத்திருக்கும்,
அப்பா